மேஸ்திரி கொடுத்த சட்டையில் ஒரு பொம்மைப் பை

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: வாசலில் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்த என் மாமியார், பொம்மையோடு என் ஆறு வயது மகள், கயிற்றுக் கட்டிலில் மேஸ்திரி, அடுப்படியில் நான். பரண்மேல், விறகுக் கட்டுக்குப் பின்னால், என் வீட்டுக்காரர். அவர் அங்கே இருப்பது மேஸ்திரிக்கு மட்டும்தான் தெரியாது.

எங்கள் மலையில் கரியாலூர்ப் பக்கத்து ஆட்களைக் குடகு எஸ்டேட்டுக்கு மிளகு பறிக்க அனுப்புகிறவர் அந்த மேஸ்திரி. ஐயாயிரம் அட்வான்ஸ், அதோடு ஆளுக்கு ஒரு சட்டை சும்மா. கள்ளக்குறிச்சியில் ஒரே துணியாக எடுத்துத் தைத்திருப்பார். பச்சையில் மஞ்சள் கட்டம் அச்சடித்தது. ஓடுகிறவனை அடையாளம் கண்டு பிடிக்கத்தான். என் வீட்டுக்காரர் அதைப் போட்டுக்கொண்டு லாரி ஏறினார். காய்ச்சலில் படுத்ததற்கு அங்கே அடித்திருக்கிறார்கள். ஓடி வந்துவிட்டார். முதுகுப் பக்கம் துணி கிழிந்து சதையோடு ஒட்டியிருந்தது. வெந்நீரில் நனைத்து நனைத்துத்தான் உரித்தேன்.

அப்புறம் அந்தச் சட்டையே எனக்குக் கவலையாகிவிட்டது. கொடியில் போட்டால் யாராவது பார்ப்பார்கள். எரிக்கலாம் என்றால், உயிரோடு இருக்கிறவர் துணியை நெருப்பில் போடக் கூடாது. ஓடையில் விடுவதும் செத்தவர் துணியைத்தான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் பயம் என்றால் மட்டும் எல்லாப் பாடமும் தலையில் நிற்கும். துண்டு துண்டாக வெட்டிவிட்டால் அது சட்டை இல்லையே என்று தோன்றியது.

கைப்பகுதியை மகளின் பொம்மைக்குத் தலையணையாகத் தைத்து இலவம்பஞ்சு திணித்தேன். முன்பக்கம் போர்வை ஆனது. பாக்கெட்டை அப்படியே பிரித்து, பழைய புடவைக் கரையில் வார் வைத்துத் தோள்பை செய்தேன். எல்லாவற்றிலும் உள்பக்கம் வெளியே தெரியும்படி ஓட்டுத் தையல் போட்டேன். அந்தப் பக்கம் அச்சு தெரியாது. திருவிழாவில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மைக்கு அதுவரை சொந்தமாக ஒன்றும் இருந்ததில்லை. பை மாட்டிய பொம்மையை மகள் கீழேயே விடவில்லை. முதுகுத் துணியை மட்டும் கூரையில் செருகி வைத்தேன்.

மேஸ்திரி வந்ததும் மாமியார் பிடித்துக்கொண்டார்.

“உன்ன நம்பித்தானேப்பா அனுப்புனேன்? எம்புள்ள எங்க? காயிதம் இல்ல, காசு இல்ல. பொதச்சிட்டீங்களா அங்கியே?”

“அப்படிலாம் பேசாதீங்கம்மா. ஓடிட்டான்னு சொல்றாங்க. வூட்டுக்கு வந்தா சொல்லி அனுப்புங்க.”

எழுந்து செருப்பு மாட்டினார். போகிற போக்கில் மகளைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னா பாப்பா, பொம்ம எங்க கெளம்பிக்கினு இருக்குது?”

“மொளகு பறிக்க.”

“அட்வான்ஸ் வாங்கிச்சா?”

“இல்ல.”

“உங்கப்பனவிட வெவரம்தான்.”

அப்போதுதான் பையைப் பார்த்தார். மங்கல் பக்கம் பிடிக்காமல் மகள் அதைப் புரட்டிவிட்டிருந்தாள். பச்சையில் மஞ்சள்.

மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

“இது நான் எடுத்த துணிம்மா. ஆளக் காணோம், சட்ட மட்டும் மலையேறி வந்துச்சா?”

“கந்தத் துணிப்பா அது, எங்கியோ பொறுக்குனது” என்றார் மாமியார். குரல் இறங்கிப் போயிருந்தது.

“சரி, அவன் இல்லன்னா நீ வா தங்கச்சி. பாப்பாவையும் இட்டுக்கினு வா. சின்னக் கை, கீழ்க்கொடில நல்லா பறிக்கும்.”

பரண் கட்டை முனகியது. அவர் தானாகவே இறங்கினார். மேலுக்கு ஒன்றும் போட்டிருக்கவில்லை. மேஸ்திரி முதுகைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“வேற சட்ட இருக்குதா? போட்டுக்க.”

கல்யாணச் சட்டை ஒன்றுதான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு மேஸ்திரியோடு போனார்.

மழைக்காலத்தில் எஸ்டேட்டிலேயே இறந்தார். சேதி வந்த அன்று கூரையிலிருந்து முதுகுத் துணியை எடுத்து ஓடையில் விட்டேன். பிறகு மேஸ்திரி கணக்குச் சொல்ல வந்தார். வேலை செய்த நாளுக்கு எண்ணூறு கழித்தார். சும்மா கொடுத்த சட்டைக்கு அறுபது சேர்த்தார். இன்னும் பாக்கி நாலாயிரத்து இருநூற்று அறுபது ரூபாய்.