பொய்ப் பட்டன்கள்

புதுச் சட்டை கைக்கு வந்தால் டிரைவர் முதலில் அதை உள்பக்கமாகத் திருப்புவார். தையலை மேலிருந்து கீழ்வரை பார்த்து, "போட்டுக்கிறவன நினைச்சுத் தைக்கல, எண்ணிக்கைக்குத் தச்சிருக்கான்" என்று முனகிவிட்டு, அக்குளில் பிரிக்கத் தொடங்குவார். துண்டு வைத்து மூட்டி, தன் தோளுக்கு ஒத்துவந்த பிறகுதான் போட்டுக்கொள்வார். கடையில் வாங்கியதை அப்படியே மாட்டிக்கொண்டு அவர் வெளியே போனதை மனைவி பார்த்ததில்லை.

டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். தையலை யாரிடமும் கற்றவரல்ல. டிப்போவில் கொடுத்த யூனிஃபார்ம் பேன்ட் உட்கார்ந்தால் கவட்டில் பிடித்தது. நிற்கிறவனுக்கு அளவெடுத்த பேன்ட். பொறுத்துப் பார்த்துவிட்டு, பழைய மிதி மிஷின் ஒன்றை வாங்கி வந்து, வைர வடிவத்தில் ஒரு துண்டு வெட்டிக் கவட்டில் வைத்துத் தைத்தார். அடுத்தது வெயில். ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது. கிழிந்த குடைத்துணியை வெட்டி, அந்த ஒரு கைக்கு மட்டும் மாட்டிக் கழற்ற ஒரு உறை செய்தார். டிப்போவே சிரித்தது. கோடை ஏறியதும் சிரித்தவர்களே வந்து, "எனக்கும் ஒண்ணு தச்சுக் குடேன்" என்றார்கள்.

"என் உடம்பு எங்க இடிக்கும்னு எனக்குத் தெரியும். உன் உடம்பு உனக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டார். பிறருக்காக அவர் ஊசி எடுத்ததே இல்லை. மனைவிக்கே ஒரு கர்சீஃப் தைத்துத் தந்ததில்லை. அவளுக்கு அதில் கொஞ்சம் குறைதான்.

வேலை முடிந்து வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராது. நாளெல்லாம் போன ரூட்டிலேயே போய்த் திரும்புகிற மனிதருக்கு, எங்கே வளைப்பது, எங்கே நிறுத்துவது என்று தானே முடிவு செய்யக் கிடைத்த ஒரே இடம் அது. உட்கார்ந்தபடியே கை நுழையும்படி பேன்ட் பாக்கெட்டைச் சாய்த்து வைத்த அன்று, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நாலைந்து தடவை பாக்கெட்டில் கையை விட்டு எடுத்தார். "சோறு ஆறுது" என்றாள் மனைவி.

பிறகு ஒரு காலையில், கியர் மாற்றும்போது கட்டைவிரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பஸ்ஸை ஓரமாக நிறுத்தினார். வேறு டிரைவர் வந்து வண்டியை எடுத்துப்போனார். தானாகவே டிப்போவுக்கு நடந்து போய், "இனிமே என்கிட்ட வண்டி தராதீங்க, பின்னால ஜனம் உக்காந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

நரம்புகள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டு வருகின்றன, நிறுத்த மருந்தில்லை என்றார் டாக்டர். சொல்லி முடிக்கும்வரை டிரைவர் அவருடைய வெள்ளைக் கோட்டின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "ஒரு பக்கத் தோள் இறங்கியிருக்கு, பாத்தியா?" என்றார். மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அவர் தைத்ததெல்லாம் கைக்கும் அவருக்கும் நடந்த ஓட்டப்பந்தயம். பட்டன் நுழையாதபோது காஜாவைப் பெரிதாக்கினார். அதுவும் முடியாதபோது பட்டன்களை எடுத்துவிட்டு, வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டையைத் தைத்தார். ஆனால் பட்டன் இல்லாத சட்டை நோயாளிச் சட்டை மாதிரி இருந்தது. எடுத்த பட்டன்களையே பட்டைக்கு மேலே வரிசையாகத் தைத்துவிட்டார். ஒன்றும் திறக்காது, ஒன்றும் மூடாது. பார்ப்பவனுக்குப் பட்டன். பேன்ட் ஜிப்பில் விரல் மாட்ட ஒரு சாவி வளையம். கைமடிப்பில் பல்லால் கடித்து இழுக்கச் சட்டை நிறத்திலேயே காது மாதிரி ஒரு துணித்துண்டு.

அந்தச் சட்டையை யார் உதவியும் இல்லாமல் தானே போட்டுக்கொண்டு தெருமுனை டீக்கடை வரை போனார். அங்கே பழைய கண்டக்டர் ஒருவர், "புதுச் சட்டையா? நல்லா இருக்கே" என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "கண்டுபிடிக்கல அவன். அஞ்சு பட்டனும் பொய்யி, அவன் கண்டுபிடிக்கல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

ஒரு சட்டையை முடிப்பதற்குள் கை அடுத்த படிக்கு இறங்கிவிடும். கத்தரி விழும் சத்தம் அடுக்களைக்குக் கேட்கும். மறுபடி எடுத்து, மறுபடி விழும். ஒரு நாள் மனைவி பொறுக்கமாட்டாமல் வந்து நின்றாள்.

"நான் போட்டுவிட்டா என்னங்க கொறைஞ்சு போயிடுவீங்க?"

"போட்டுவிட நான் என்ன பொம்மையா?"

"எத்தனை நாளைக்கு இப்படி?"

"தெரியல" என்றார்.

கை தோளுக்கு மேல் எழாமல் போனபோது அவர் மனதில் வேறொரு சட்டை உருவானது. முன்பக்கம் காலரும் பட்டனுமாக எல்லாரையும் போல இருக்கும். பின்பக்கம் முழுதும் திறந்திருக்கும். மேஜையில் விரித்து வைத்து, குனிந்து இரண்டு கையையும் நுழைத்தால் போதும். ஆனால் அதை வெட்டக் கை இல்லை. ஊசியின் கீழ் துணியைப் பிடிக்கவும் கை இல்லை. கால் மட்டும் இருந்தது.

மனைவி பேக்கரியில் கவுன்ட்டர் வேலை பார்ப்பவள். ஊசியில் நூல் கோத்து அறியாதவள். லீவு நாள் மத்தியானம், அவர் சொல்லச் சொல்லத் துணியை வெட்டிவிட்டு, நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு, துணியைப் பிடித்தாள். அவர் மிதித்தார்.

"நேராப் போ. நேரா... முன்னால வளைவு வருது, இப்பவே ஒடிக்காத. ம், இப்ப லேசா ஒடி."

காலர் கோணிக்கொண்டது. பிரித்தாள். மறுபடியும் கோணியது. "விடுங்க, இப்படியே இருக்கட்டும்" என்றாள்.

"பாக்கறவன் கண்ணு முதல்ல காலருக்குத்தான் வரும்" என்றார். "இன்னொரு தடவை. உன்னால முடியும்மா."

மூன்றாம் முறை தையல் ஒழுங்காக ஓடியது. வளைவைத் தாண்டி, நேர்க்கோட்டில் பாதி வந்தபோது ஊசி துணிக்குள் நின்றது. நூல் அறுந்துவிட்டதோ என்று பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் நெற்றியில் வேர்வை பொடித்திருக்க, ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். மிதியின் மேல் அவர் பாதம் இருந்தது. அழுத்தம் மட்டும் இல்லை.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, துணியிலிருந்து கையை எடுக்காமலே, ஒரு காலை மேஜைக்கடியில் நீட்டி மிதியைத் தேடினாள். அவருடைய பாதத்தில் இடித்தது. கொஞ்ச நேரம் இரண்டு பாதங்களும் அசையாமல் இருந்தன.

பிறகு அவர் தன் பாதத்தை ஓரமாக நகர்த்தி, மிதியில் அவளுக்கு இடம் விட்டார்.