கோணல் நாற்காலிக்குக் கிடைத்த ஆள்

வாடகைக்கு நாற்காலி விடுகிறவர்களுக்குத் தெரியும்: சாமான் கெட்டியா என்று யாரும் கேட்க மாட்டார்கள், பக்கத்தில் யார் உட்காரப்போகிறார்கள் என்றுதான் கேட்பார்கள். பாபநாசத்தில் கடை போட்டு அவதிப்பட்டவள் சொல்கிறேன், நீங்களும் பட்டிருப்பீர்கள்.

வந்து இறங்கியது

துபாயிலிருந்து வந்த ஜமால் பாய் கொண்டுவந்த மெத்தை நாற்காலி அது. ஒரு கை பந்து மாதிரி உருண்டை, இன்னொரு கை படிக்கட்டு. உட்காருமிடம் ஒரு கலர், முதுகு வேறு கலர். அவர் வீட்டம்மா உள்ளே விடமாட்டேன் என்றதும் என் கடைக்கு விற்றுவிட்டார். எனக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. தை அறுவடைக்குள் யாரும் உட்காரவில்லை என்றால் தச்சரிடம் கொடுத்து அறுத்துவிடுவது என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். தச்சர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"செஞ்சவன் பாதியில கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்போல அக்கா. ரெண்டு கையையும் சமம் பண்ணிடவா?"

மேடைக்குப் போனது

கட்சிக் கூட்டத்துக்குத் தலைவர் உட்காரப் பெரிய நாற்காலி கேட்டார்கள். சந்தோஷமாக அனுப்பினேன். போன வண்டியிலேயே திரும்பி வந்தது. கூடவே வட்டச் செயலாளரும் வந்தார்.

"உக்கார்ற இடம் நம்ம கலர்தான், நல்லாயிருக்கு. முதுகுல எதிர்க்கட்சி இருக்கே, தலைவர் எப்படிம்மா சாய்வாரு?"

கூலிப் பேச்சு

தை முகூர்த்தம். கடையே காலி. அன்றைக்கென்று தாசில்தார், அறுவடைக் கூலி பேச மூன்று நாற்காலி கேட்டார். இருந்தது இரண்டு மர நாற்காலியும் இதுவும்தான். மூன்றையும் ஏற்றிக்கொண்டு நானே கூடப் போனேன். நிலத்துக்காரரான மிராசுதாருக்கென்று இதைத்தான் நடுவில் போட்டார்கள். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுல மனுஷன் உக்காருவானா?" என்று மர நாற்காலியை இழுத்துக்கொண்டார். இன்னொன்றில் தாசில்தார். அறுவடை ஆட்களுக்காகப் பேச வந்த அஞ்சலை, வருஷா வருஷம் போல ஓரமாக நின்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சும்மாதானே கெடக்கு, உக்காருங்க அஞ்சலை" என்றேன். உட்கார்ந்தாள். மிராசுதாரின் காரியக்காரர் எழுந்திரு என்று கையைக் காட்டினார். "ஐயா வேணாம்னுட்டாங்களே" என்று படிக்கட்டுக் கையில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். தாசில்தார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வழக்கமாக வெயில் ஏறுமுன் கலைகிற பேச்சு அன்றைக்கு மத்தியானம் வரை போனது, கேட்ட கூலிநெல் மரக்கால் குறையாமல் கிடைத்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அஞ்சலை எழுந்து மெத்தையைத் தட்டிவிட்டாள்.

"அடுத்த வருஷமும் இதே சேர்தான் எனக்குன்னு இப்பவே எழுதி வையுங்கக்கா."

மறு அறுவடைக்கு மிராசுதார் வீட்டிலிருந்தே அந்த நாற்காலியைக் கேட்டு ஆள் வந்தபோது, அதை அஞ்சலை பிடித்துவைத்துவிட்டாள் என்று சொல்லி ஒரு மர நாற்காலியைத் துடைத்துக் கொடுத்து அனுப்பினேன்.