மண்ணுக்கு வெளியே, காற்றுக்கு உள்ளே

வராத ஆபத்துக்கு ஆள் சேர்ப்பதுதான் எங்கள் தொழில். நான் அனர்த்த முன்னாயத்தப் பயிற்சியாளன்; பேரிடர் வருமுன்னே மக்களைத் தயார்படுத்துகிறவன். பதுளையில் பஸ் ஏறி, லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய், "இப்படி நடந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்பேன். பதிலுக்குக் கேள்விகளைத்தான் வாங்கிக்கொண்டு திரும்புவேன். உங்களுக்கும் இப்படி ஒரு வேலை வாய்த்திருந்தால் என் கஷ்டம் புரியும்.

மூடாத ஜன்னல்

பல வருடம் மண்சரிவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த எனக்கு மேலிடத்திலிருந்து ஒரு புதுப் பாடம் வந்தது: அணு உலை விபத்து. நம் நாட்டில் அணு உலை இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே ஏதாவது ஆகி, காற்று இந்தப் பக்கம் திரும்பினால் என்ன செய்வது என்று மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில் முதல் கூட்டம் போட்டேன். தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயம்; குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை வீடு. "ஓடாதீங்க. காம்பராவுக்குள்ள போய்க் கதவு, ஜன்னலை இறுக்கி மூடுங்க. ரேடியோவில சொல்ற வரைக்கும் வெளிய வராதீங்க" என்றேன். முன்வரிசையில் செல்வராணி அக்கா. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"சார், எங்க காம்பராவுக்கு இருக்கிறதே ஒரு ஜன்னல். அதுவும் மூட வராது. கதவுக்கு அடியில பூனை வந்து போகுது. காத்துகிட்ட மட்டும் வராதேன்னு எப்படிங்க சொல்றது?"

இரண்டு சத்தம்

பழைய துணியையும் பொலித்தீனையும் வைத்து இடுக்குகளை அடைக்கச் சொல்லிக் கொடுத்தேன். அதோடு இன்னொரு சிக்கல் வந்தது. சைரன் கேட்டால் லயத்தை விட்டு ஓடுங்கள் என்று இத்தனை வருடம் சொன்னவனும் நான்தான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம்: நிறுத்தாமல் ஒலித்தால் மண்சரிவு, பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். விட்டு விட்டு ஒலித்தால் காற்று, உள்ளே இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. கைப்பிடி சைரனை விட்டு விட்டுத்தான் சுற்றினேன். மொத்த லயமும் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடியது. "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன். பள்ளிக்கூட வாசலில் மூச்சு வாங்க நின்ற செல்வராணி அக்கா என்னைப் பார்த்துப் பாவப்பட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார். நாங்க மண்ணு வந்துதான் பாத்திருக்கோம். சத்தம் கேட்டா காலு வெளியதாங்க போகும்."

உள்ளே இருந்தவர்கள்

அன்றைக்கு ஒரே ஒரு வீட்டில்தான் சொன்னபடி கதவு மூடியிருந்தது. தட்டினேன். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மரியதாஸ் அண்ணன் திறந்தார். உள்ளே கட்டிலில் அவர் மனைவி வெரோனிக்கா அக்கா. பக்கவாதம் வந்து நாலு வருடமாக அந்தக் கட்டில்தான். ஜன்னல் இடுக்கெல்லாம் துணி வைத்து அழகாக அடைத்திருந்தார்கள். "எல்லாம் சரியா இருக்குங்களா?" என்று அக்கா குழறிய குரலில் கேட்டார். பரீட்சை எழுதிவிட்டு வாத்தியாரைப் பார்க்கிற பிள்ளையின் முகம்.

முந்தைய மண்சரிவு ஒத்திகைகளில் மரியதாஸ் அண்ணன் வாசலோடு நின்றுவிடுவார். ஒத்துழைக்காத மனிதர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஏன் வரவில்லை என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அன்றைக்கு வாசல் வரை வந்து வழியனுப்பும்போது அவராகவே மெல்லச் சொன்னார்.

"இந்த ஒரு ஆபத்துலதான் சார், அவளும் எல்லாரையும் மாதிரி ஒரு ஆளு."

மழை

அடுத்த ஞாயிறே இரண்டு மூங்கிலும் நாலு படங்குச் சாக்கும் வைத்து ஒரு தூக்குப் படுக்கை கட்டினோம். செல்வராணி அக்காவும் மூன்று பெண்களும் வெரோனிக்கா அக்காவைத் தூக்கிப் பழகினார்கள். வாசல் வரைக்கும்தான். அதற்கு மேல் அக்கா கூச்சப்பட்டார்.

ஐப்பசியில் விடாத மழை. லயத்துக்குப் பின்னால் மண் வெடித்து விரிசல் விட்டிருக்கிறது என்று காலையில் செல்வராணி அக்கா போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது சைரன் நிறுத்தாமல் ஒலித்துக்கொண்டிருந்தது, லயம் காலியாகிக்கொண்டிருந்தது. கடைசியாகத் தூக்குப் படுக்கை வந்தது. நாலு பெண்கள் தோளில், பக்கத்தில் கட்டிலின் தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி மரியதாஸ் அண்ணன். மத்தியானம் மண் இறங்கி ஓரத்து இரண்டு காம்பராக்களை மூடியது. ஒன்று அவர்களுடையது. ஒரு உயிருக்கும் சேதமில்லை.

ஆனால் பாதி வழியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். "வேகமா, வேகமா" என்று நான் விரட்டிக்கொண்டிருந்தேன். வெரோனிக்கா அக்கா மேலே போர்த்தியிருந்த பொலித்தீனை நல்ல கையால் விலக்கினார். மழை முகத்தில் விழுந்தது. கண்ணைச் சிமிட்டாமல் மேலே பார்த்தபடி சொன்னார்.

"மெதுவாப் போங்கடி. வானத்தப் பாத்து நாலு வருசமாச்சு."

அணு உலைப் பயிற்சியால் மண்சரிவில் ஒரு உயிர் பிழைத்தது என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினேன். அதை எந்தக் கோப்பில் போடுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்களாம்.