ஊவாப் போரும் மாமா பிறந்த ஊரும்

"உங்கட ஆக்களுக்கு எங்க பிள்ளை சரித்திரம்? தேயிலை நட்டீங்கள், கொழுந்து பறிச்சீங்கள். அதோட முடிஞ்சுது."

வரலாற்று ஆசிரியர் இதைச் சொன்னபோது நான் ஆறாம் வகுப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு மாற்றலாகி வந்தவர். கெட்ட மனிதர் அல்லர். பாடசாலைக் கண்காட்சிக்கு எங்கள் ஊவா மாகாணத்தின் ஆரம்ப வரலாறு என்று தலைப்புக் கொடுத்திருந்தார். ஆங்கிலேயருக்கு எதிராக இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை நான் எடுத்துக்கொள்கிறேன், கடைசியில் எங்கள் குடும்பத்தையும் சேர்க்கிறேன் என்று சொன்னதற்குத்தான் அந்தப் பதில்.

தெமோதரைப் பக்கத்தில் எங்கள் தோட்டம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த எங்கள் லயத்தின் பன்னிரண்டு வீடுகளில், கடிதத்தையும் படிவத்தையும் பிறர் உதவியில்லாமல் வாசிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆசிரியருக்குப் பதில் சொல்ல நான்கு பெரிய டிமைத் தாள்களை வாங்கி, கோதுமை மாவுப் பசையால் நீளமாக ஒட்டினேன்.

முதல் கட்டத்தில் போர். எரிகிற வயல்களுக்குச் சிவப்பும் மஞ்சளும் தீட்டினேன். உடைக்கப்பட்ட குளங்கள், வெட்டப்பட்ட பலாமரங்கள், கொல்லப்பட்ட மாடுகள். அடுத்த கட்டத்தில் கோப்பித் தோட்டம். அதற்கடுத்து தேயிலை, கப்பலில் வந்த நாங்கள், எங்களிடமிருந்து பறிக்கப்பட்ட குடியுரிமை. ஒவ்வொன்றையும் அம்புக்குறியால் இணைத்தேன். அம்புகளுக்குக் கோடு பிடித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வடக்கில், கிளிநொச்சிப் பக்கம், போர் முற்றிய காலம் அது. கொழும்பில் தமிழ் இளைஞர்களைச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று லயத்துக்கே திரும்பி வந்திருந்தார்.

கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. அம்மா கொழுந்துக்குப் போயிருந்த நேரம். மாமாவிடம், நீங்கள் எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டேன்.

"நானா? பஸ்ஸேறிப் போயிப் பொறந்தவன். எழுபத்தேழு கலவரத்துல லயத்தக் கொளுத்துனப்ப எங்கம்மா வயித்துல என்னையும் சுமந்துக்கிட்டு கிளிநொச்சிக்கு ஓடிருச்சு. காட்ட வெட்டிக் குடியிருந்தாங்க. எங்கப்பாவப் பாம்பு கடிச்சிருச்சு. எனக்கு ஆறு வயசுல திரும்பி வந்தோம்."

"ஐடென்டிட்டி கார்டுல பதுளைன்னுல்ல இருக்கு?"

"அது கிளாக்கரய்யா போட்டுக் குடுத்தது. லயத்துலயே பொறந்ததா எழுதிட்டாரு. ஒங்கம்மா ஒரு சேவலக் கொண்டுபோயிக் குடுத்துச்சு."

கிளாக்கர் பிழையாக எழுதியிருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. படித்த பிள்ளை நான் அதைத் திருத்த வேண்டாமா? மாமாவின் முழுப்பெயரையும், பிறந்த இடம் கிளிநொச்சி என்பதையும் சிவப்பு மையில் எழுதினேன். மாமா ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பள்ளிக்கொடத்துக்குள்ளதான தொங்கும்?"

"ஆமா."

"சரி தொரசாணி, ஒங்க இஷ்டம்."

கண்காட்சி நாளில் மழை தூறியது. தாளைச் சுருட்டி, உரப்பைக்குள் இருக்கும் பொலிதீனில் பொதிந்து, துப்பாக்கி போல் தோளில் வைத்துக்கொண்டு மாமா என்னுடன் பஸ் ஏறினார். ஹாலிஎலையைத் தாண்டும் முன் ஒரு சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். நீளமான அந்தச் சுருளைப் பார்த்ததும் சீருடைக்காரர் ஒருவர் கைகாட்டினார்.

"என்ன இது, நங்கி?"

நங்கி என்றால் தங்கச்சி. அந்த ஒரு சொல்லிலேயே எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தெமோதரைக் கடைத்தெருவில் கற்ற சிங்களம் எனக்கு நன்றாகவே வரும். மேசைமேல் தாளை விரித்து, விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக் காட்டினேன். ஊவாவின் வீரர்களைப் பற்றிச் சொன்னபோது அவர் இன்னொருவரையும் கூப்பிட்டார். இருவரும் சிரித்தார்கள். கெட்டிக்காரி என்றார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பின்னால் நின்ற மாமா என் சட்டையை இழுத்தார். நான் கையைத் தட்டிவிட்டேன்.

"இது எங்க மாமா," என்று கடைசிக் கட்டத்தைத் தொட்டேன். பிறகு திரும்பி அவரையே காட்டினேன். "இவர்தான். கிளிநொச்சியில் பிறந்தவர்."

சிரிப்பு நின்றது. மாமாவின் அடையாள அட்டையை வாங்கினார்கள். அட்டையில் இருந்த பெயரும் தாளில் இருந்த பெயரும் ஒன்று. பிறந்த இடம் வேறு.

மாமா என்னைப் பார்க்காமலே சிங்களத்தில் சொன்னார்: "இந்தப் பிள்ளை யாரென்று எனக்குத் தெரியாது, சேர். பஸ்ஸில் தூக்க முடியாமல் நின்றது. வாங்கிப் பிடித்தேன்."

எனக்கு முகம் எரிந்தது. அவ்வளவு பேர் முன்னால், என் மாமா என்னைத் தெரியாது என்கிறார். "பொய்," என்றேன். யாரும் கேட்கவில்லை. முதலில் என்னைக் கூப்பிட்டவர் தாளைக் கவனமாகச் சுருட்டி, பொலிதீனைச் சுற்றி என் கையில் கொடுத்தார். நேரமாகிறது, பஸ்ஸில் ஏறு என்றார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மாமா அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நடத்துநர் பிறகு சொன்னார். நான் கோபத்தில் மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாமாவை ஏற்றாமலே பஸ் புறப்பட்டது.

என் தாளுக்கு முதலிடம் கிடைத்தது. "யார் எழுதித் தந்தது?" என்று கேட்டார் ஆசிரியர். "நானே, சேர்." அவர் கடைசிக் கட்டத்தருகே வெகுநேரம் நின்றார். மாலையில் தாளை அவரே கழற்றிச் சுருட்டி, "இதை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ" என்றார். பொறாமை என்று நினைத்தேன்.

வீட்டில் அம்மாவிடம் பரிசைக் காட்டும் முன் புகாரைத்தான் சொன்னேன், மாமா என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டார் என்று. அம்மா முழுவதையும் கேட்கவில்லை. என் வாயைப் பொத்தினார். மற்றக் கையால் சுருளைப் பிடுங்கி அடுப்பில் திணித்தார். அன்று நான் தாளுக்காக அழுதேன். மாமாவுக்காக அழவில்லை.

எங்கள் வீட்டுக்கு யாரும் தேடி வரவில்லை. மாமாவின் அட்டையில் இருந்தது நாங்கள் முன்பு குடியிருந்த பழைய லயத்தின் முகவரி. போர் முடிந்து பல மாதங்கள் கழித்து அவரை விட்டார்கள். வந்தபோது வலது கை விரல்கள் மடங்கவில்லை. எப்படிப் பிடிபட்டாய் என்று லயத்தில் கேட்டவர்களிடம், "ஐடென்டிட்டியில ஏதோ பிழை" என்று மட்டும் சொன்னார். அம்மாவிடமும் அதே பதில்தான்.

அந்தச் சாவடியில் அவர் சொன்ன பொய்யால் அவருக்கு ஒரு பயனும் இருக்கவில்லை. பெயர் தாளில் இருந்தது, அவர் பிடிபட்டாகிவிட்டது. என்னை அந்த மேசையிலிருந்து பிரித்து பஸ்ஸில் ஏற்றிவிட மட்டுமே அந்தப் பொய் உதவியது. இது எனக்கு விளங்க எட்டு வருடம் ஆனது. விளங்கிய நாளில் நான் பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன், எங்கள் குடும்பத்தில் அங்கே போன முதல் ஆளாக.

போன மாதம் மாமாவிடம் போய், மேற்படிப்புக்கு ஊவாவைப் பற்றியே ஆராயப்போகிறேன், அந்தக் கடைசிக் கட்டத்தை மறுபடி எழுதலாமா என்று கேட்டேன். தேநீரை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்துக் குடித்து முடித்தார்.

"எழுதிக்கங்க தொரசாணி. ரோட்டுல நின்னு வாசிக்காதீங்க, அவ்வளவுதான்."

அன்று மூன்று மணி நேரம் பேசினார். பதிவு செய்துகொண்டேன். சென்ற திங்கட்கிழமை ஆய்வு முன்மொழிவைக் கையளித்துவிட்டேன். எரிந்த வயல்களில் தொடங்கி அவரிடம் முடிகிறது. பிறந்த இடம் கிளிநொச்சி என்று எழுதியிருக்கிறேன். பெயர் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.