நின்று நின்று பாடும் மைக் செட்

பாட்டு நின்றுவிட்டால் துரைக்கண்ணு முதலில் செய்வது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு சரணத்தின் நடுவில் பொட்டென்று அறுந்துபோகும். பந்தலில் இருக்கும் அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பும். அவர் போனை எடுத்துத் திரையைப் பார்ப்பார். பிறகு யாரும் பார்க்க முடியாதபடி நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "ரெண்டு நிமிஷம் இருங்க" என்பார். சொன்னபடி இரண்டு நிமிடம் கழித்து, விட்ட இடத்திலிருந்து பாட்டு கிளம்பும்.

பூதலூரிலும் சுற்றியுள்ள பத்துப் பதினைந்து ஊர்களிலும் மைக் செட் என்றால் துரைக்கண்ணுதான். ஐம்பத்தெட்டு வயது. டிவிஎஸ் 50-இல் முன்னால் ஆம்ப்ளிஃபயர், பின்னால் நாலு குழாய் ஸ்பீக்கர், தோளில் மாலை போல் ஒயர். சட்டையின் இரண்டாவது பொத்தான் விழுந்து வருஷமாகிறது. அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டியிருப்பார். மைக்கைச் சோதிக்க மற்றவர்கள் 'ஹலோ, ஹலோ' என்பார்கள். இவர், "துரைக்கண்ணு... துரைக்கண்ணு" என்று தன் பெயரையே சொல்லிப் பார்ப்பார். "நம்ம பேரு நம்ம காதுல சுத்தமா விழுந்தாத்தான் சார் மைக் நல்லாருக்குன்னு அர்த்தம்" என்பது அவர் கட்சி.

கேசட்டும் சிடியும் போய், இப்போது அவர் பாட்டுக் கடையே போனுக்குள் இருக்கிற ஒரு செயலிதான். போனையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரு ஒயர் இணைக்கும். அதில் ஒரு சங்கடம் உண்டு. போனுக்கு யாராவது அழைத்தால் அந்தப் பேச்சும் குழாயில் ஊருக்கே கேட்கும். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி ஊரே விரதம் இருந்த நாளில் அவர் மனைவி அம்சம் கூப்பிட்டு, "ஏங்க, கறி எடுத்தாச்சா?" என்று கேட்டது கோயில் கோபுரம் வரை கேட்டது. பூசாரி மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. அன்றிலிருந்து மணி அடித்தால் போதும், இரண்டாவது மணிக்குள் ஒயரைப் பிடுங்கிவிடுவார். அந்த விஷயத்தில் அவர் கை பாம்பு நாக்கை விட வேகம்.

நான் தொலைபேசித் துறையில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். அதனாலேயே ஊரில் யார் போனுக்கு என்ன நோய் வந்தாலும் என்னிடம் நீட்டுவார்கள். துரைக்கண்ணு மட்டும் நீட்டியதில்லை. நானாகத்தான் வலியப் போய் வைத்தியம் பார்த்தேன். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் அமைப்பை அணைத்தேன். நெட்டைச் சுருக்கும் அமைப்பை எடுத்துவிட்டேன். சேர்ந்து கிடந்த குப்பையை அழித்தேன். ஒயரையே புதிதாக வாங்கிக் கொடுத்தேன். எதற்கும் மசியவில்லை. கடைசியில், "பாட்டையெல்லாம் முன்னாடியே டவுன்லோடு பண்ணி, நெட்டை அணைச்சு வச்சிடுய்யா, நிக்கவே நிக்காது" என்றேன். "செஞ்சிடுறேன் சார்" என்று தலையை ஆட்டினார். செய்யவில்லை. எனக்குக் கோபம் வந்தது. என் வைத்தியத்தை இப்படி அலட்சியம் பண்ணுகிற நோயாளியை நான் பார்த்ததில்லை.

அவர் வீட்டுக் கதை ஊருக்கே தெரியும். ஒரே மகள் வானதி. நிச்சயம் முடிந்து, பத்திரிகை அடித்து, கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டு ஓசூரில் ஏதோ கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் குழாய் கட்டியவர், தன் பெண் கல்யாணத்துக்கு வாசலில் கட்டிய குழாயைத் தானே ஏறி அவிழ்த்தார். இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. யாராவது கேட்டால், "நம்பரையே அழிச்சிட்டேன் சார்" என்று மட்டும் சொல்வார்.

போன தை மாதம் என் தங்கை கலைமகளின் மகள் பூவிழிக்குக் கல்யாணம். பூதலூரிலேயே மண்டபம், துரைக்கண்ணு மைக் செட். முகூர்த்தம் ஏழரையிலிருந்து எட்டரை. மேளக்காரர்கள் திருவிடைமருதூரிலிருந்து வரவேண்டும். எட்டு மணிக்கு அவர்களிடமிருந்து தகவல் வந்தது: வேன் ரயில்வே கேட்டில் நிற்கிறது, கூட்ஸ் வண்டி நகரவே இல்லை. எட்டே காலுக்கும் அதே தகவல்.

தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் இல்லாமல் எப்படி? யாராவது தும்மினாலும், அழுதாலும், வேண்டாத சொல் ஒன்று வாய் தவறி வந்தாலும் பெண் காதில் விழாமல் மூடுவதற்குத்தானே அந்தச் சத்தம்! கலைமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, சத்தமில்லாம என் பொண்ணு கழுத்துல தாலி ஏறக் கூடாதுண்ணே" என்றாள்.

துரைக்கண்ணுவிடம் ஓடினேன். செயலியில் கெட்டிமேளத்தைத் தேடி எடுத்தார். "ஒருதரம் போட்டுப் பாத்துடுறேன் சார்." நாலு குழாயிலும் தவில் அதிர்ந்தது. எனக்கு உயிர் வந்தது. பத்து விநாடி இருக்கும். பொட்டென்று நின்றது.

"ரெண்டு நிமிஷம்..." என்று ஆரம்பித்தார்.

"ரெண்டு நிமிஷமாவது, மண்ணாவது! எட்டு இருபது ஆச்சுய்யா!" என்று போனைப் பிடுங்கினேன். முதல் முறையாக அந்தத் திரையைப் பார்த்தேன். அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'இப்போது வானதி போனில் ஒலிக்கிறது.'

முப்பத்தோரு வருஷ அனுபவசாலிக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாவுக்கு அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்ததே மகள்தான். ஒரே கணக்கு, இரண்டு போன். அவள் அங்கே பாட்டைத் தட்டினால் இங்கே நிற்கும். இவர் இங்கே தட்டினால் அங்கே நிற்கும்.

என் வைத்தியம் இதில் பலித்துவிடும். "மற்ற போன்களிலிருந்து வெளியேறு" என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கிவிட்டால் அவள் குறுக்கே வரவே முடியாது. என் போனில் போடலாமென்றால் புதுப் போனில் அந்த ஒயர் நுழையத் துளையே கிடையாது. அமைப்பைத் திறந்து பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டேன். துரைக்கண்ணு என் மணிக்கட்டைப் பிடித்தார். உடும்புப் பிடி.

"அதை மட்டும் அமுக்காதீங்க சார்."

"தாலி கட்டுற நேரத்துல அது மறுபடி நின்னா என்னய்யா பண்றது?"

"நைட் ஷிப்ட்டுன்னு ஊர்ல யாரோ சொன்னாங்க. அது முடிஞ்சு கம்பெனி பஸ்ஸுல ஏறினதும் பாட்டு கேக்கும் சார். இங்க நின்னுச்சுன்னா அங்க அது நல்லபடியா பஸ் ஏறிடுச்சுன்னு அர்த்தம். எனக்கு வேற என்ன தகவல் இருக்கு, சொல்லுங்க." குரல் இறங்கிவிட்டது. "இப்ப வெளிய தள்ளினா, அப்பன் இதுலேருந்தும் தள்ளிட்டான்னு நெனைச்சுக்கும்."

பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். அந்தப் பக்கம் மேடையில் ஐயர் தாலித் தட்டை எல்லோரிடமும் ஆசீர்வாதத்துக்கு அனுப்பிவிட்டார். தட்டு மூன்றாவது வரிசையில் போய்க்கொண்டிருந்தது. கலைமகள் மேடையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு திரும்பி மேடைக்கு வந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டான். ஐயர் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

துரைக்கண்ணு என் கையிலிருந்த போனை வாங்கினார். நம்பரை அழித்துவிட்ட மனிதர், பத்து எண்களையும் ஒரு மூச்சில் தட்டினார். இரண்டாவது மணிக்குள் ஒயரைப் பிடுங்கும் அந்தக் கை அன்று ஒயர் பக்கமே போகவில்லை. மறுமுனையில் மணி அடிப்பது மண்டபத்தின் நாலு குழாயிலும் கேட்டது. ஐயரின் கை உயர்ந்தபடியே நின்றது.

"அப்பா?"

மண்டபம் முழுக்க, வாசலில் கட்டிய குழாய் வழியே தெரு முழுக்க, அந்த ஒரு சொல் விழுந்தது.

"அஞ்சே அஞ்சு நிமிஷம் பாட்டை நிறுத்தும்மா. முகூர்த்தம். கெட்டிமேளம் போடணும்."

"நிறுத்திட்டேன்ப்பா" என்றன நாலு குழாயும்.

அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பாட்டைத் தட்டினார். கெட்டிமேளம் முழங்கியது. பூவிழி கழுத்தில் மூன்று முடிச்சும் விழும் வரை, அட்சதை எல்லாம் தூவி ஓயும் வரை, அது ஓரிடத்திலும் நிற்கவில்லை. கலைமகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான், இதில் என்ன வெட்கம்!

முகூர்த்தம் முடிந்ததும் பந்தி ஆரம்பமாகும். உடனே சினிமாப் பாட்டு போட்டாக வேண்டும். சமையல்காரர் எட்டிப் பார்த்து, "மைக் செட்டு, பாட்டு எங்கய்யா?" என்று கத்தினார்.

துரைக்கண்ணு தன் கையாலேயே பாட்டை நிறுத்தினார். துண்டு நுனியால் போன் திரையைத் துடைத்தார். எல்லோருக்கும் தெரியும்படி அதை ஆம்ப்ளிஃபயர் மேல் நிமிர்த்தி வைத்து, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு நிமிஷம் இருங்க" என்றார், திரையின் அடியில் அந்தச் சின்ன வரி வரும் இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.