மேலே பார்க்கத் தெரியாத சிப்பாய்

இது நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். யாரையும் கெஞ்சி நம்பவைக்க வேண்டிய நிலையில் நான் இல்லை. பேய் பார்த்தேன் என்று சொல்கிறவர்களை நான் என் வீட்டில் உட்காரவிட்டதில்லை. அவர்களில் பாதிப் பேர் குடித்திருப்பார்கள். மீதிப் பேருக்குப் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லத் தெரியாது. நான் குடிப்பதில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதுதான் என் உத்தியோகமாகவே இருந்தது.

நகர அலுவலகத்தில் வீட்டு வரைபடங்களைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். தாளில் இருக்கும் வீட்டையும் தரையில் இருக்கும் வீட்டையும் ஒப்பிட்டு, எங்கே ஏமாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லுவேன். காண்ட்ராக்டர்கள் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். மரியாதையால் அல்ல. அதுவும் எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவனின் பேத்தி, கட்டினால் ஒரு காண்ட்ராக்டரின் மகனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். இரண்டு பேரும் ஒரே அலுவலகம்.

என் மகன் என்னைப்போல் அல்ல. எதற்கும் வளைந்து கொடுத்தே பழகியவன். "ஒரு தடவை அவங்க வீட்டப் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்ப்பா. பிடிக்கலைன்னா நீங்களே சொல்லிடுங்க. உங்க வார்த்தைதான்" என்றான்.

"தாத்தா வீடு பாக்கப் போகல, தப்பு கண்டுபிடிக்கப் போறாரு" என்றாள் பேத்தி, தன் அறைக்குள்ளிருந்து.

சரியாகத்தான் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் போனோம். நான், மகன், மருமகள். நல்ல வெயில். மழை, நாய் ஊளை, அணைந்து எரியும் விளக்கு எதுவும் இல்லை. அவை வேண்டுமென்பவர்கள் வேறு யாரையாவது படிக்கட்டும்.

காண்ட்ராக்டர் வாசலிலேயே நின்றார். "வாங்க, வாங்க. நானே நின்னு கட்டின வீடு. ஒவ்வொரு செங்கல்லும் என் கை பட்டது" என்றார். செங்கல்லைப் பார்த்தாலே அது தெரிந்தது. உட்கார்ந்ததும், "எங்களுக்கு ஒரே பையன்" என்றார். நாங்கள் கேட்கவே இல்லை. அவர் சொன்னதும் அவர் மனைவி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

கூடத்திலிருந்து நீளமாக ஒரு நடைவழி. இருக்க வேண்டிய அகலம் இல்லை, கண்ணாலேயே அளந்துவிட்டேன். இடப்பக்கம் இரண்டு அறைகள், வலப்பக்கம் சமையலறை, கடைசியில் பையனின் அறை. வீடு முழுவதும் வெறும் பூச்சுக் கூரை. பையனின் அறையில் மட்டும் கூரைக்குக் கீழே மரப்பலகை அடித்திருந்தது. விரிசலை மறைக்க இவர்கள் செய்யும் வேலை. மனத்துக்குள் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டேன்.

மொட்டை மாடியைக் காட்டுகிறேன் என்று காண்ட்ராக்டர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மேலே போனார். ஏறி இறங்கிப் பார்க்க அங்கே தாஜ்மகாலா இருக்கிறது? நான் பையனோடு அவன் அறையில் இருந்துகொண்டேன். விசாரிக்க வேண்டியது அவனைத்தான்.

"ஆபீஸ் முடிஞ்சு வந்து என்ன பண்ணுவே?"

"கேம் ஆடுவேன் தாத்தா. ஷூட்டிங் கேம். ரொம்பப் பழசு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே வந்தது."

"மீசை வெச்ச ஆம்பளை, வீட்டுக்கு வந்து பொம்மைத் துப்பாக்கி சுடுவே."

"ஆமா தாத்தா" என்றான். வெட்கப்படக்கூடத் தெரியவில்லை. "நீங்க ஒரு தடவை ஆடிப் பாருங்களேன்."

"நான் ஒரு குண்டு சுடாம உங்கப்பா மாதிரி நூறு பேரப் புடிச்சவன்."

சிரித்தான். கணினிக்கு முன்னால் என்னை உட்காரவைத்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டான். இதற்காகவா ஒரு தலைமுறையே கண்ணைக் கெடுத்துக்கொண்டது என்று தோன்றியது. சுவரெல்லாம் பழுப்புச் சதுரங்கள். பகைவன் என்று வந்ததெல்லாம் செங்கல்லுக்குக் கைகால் முளைத்தது போல இருந்தது. நம் ஆளின் கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும். திரையின் அடியில் சின்னதாக அவன் முகம்.

"அடி எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ, அந்த முகம் அந்தப் பக்கம் திரும்பும் தாத்தா. அதப் பாத்துக்கிட்டா போதும். மவுஸை முன்னால தள்ளினா நடப்பான். இந்தப் பட்டன் கதவு."

"மேல பாக்கறது எப்படி?"

"முடியாது. அந்தக் காலத்து கேம். மேலயும் பாக்க மாட்டான், கீழயும் பாக்க மாட்டான்."

தலையை நிமிர்த்தத் தெரியாதவன் ஒரு சிப்பாயாம். கேட்டு அலுத்துக்கொள்வதற்குள் மாடியிலிருந்து அவன் அம்மா கூப்பிட்டார். "ரெண்டே நிமிஷம் தாத்தா" என்று ஓடினான்.

யாரும் பார்க்கவில்லை. ஆடினேன்.

முதலில் ஒரு சுவரை வெகுநேரம் சுட்டேன். குண்டு தீர்ந்தது. பின்னாலிருந்து ஏதோ வந்து கடித்தது. செத்தேன். மறுபடியும் ஆடினேன், மறுபடியும் செத்தேன். சம்பந்தம் பேச வந்த இடத்தில் இரண்டு தடவை செத்தவன் எங்கள் வம்சத்திலேயே நான் ஒருவன்தான். எரிச்சலில் கைக்குக் கிடைத்த பட்டன்களையெல்லாம் தட்டினேன்.

திரை கறுத்தது. வேறு ஓர் இடம் வந்தது.

ஒரு வாசல். இரண்டு படிகள். உள்ளே கூடம். பகைவர்கள் இல்லை, இசை இல்லை. நடந்தேன். கூடத்தின் கடைசியில் ஒரு நடைவழி திறந்தது. அதன் அகலத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருக்க வேண்டியதைவிடக் குறைவு.

இடப்பக்கம் இரண்டு அறைகள். வலப்பக்கம் சமையலறை.

நான் உட்கார்ந்திருந்த வீடு அது.

வாழ்நாளெல்லாம் வரைபடம் பார்த்தவன் இதில் தவற மாட்டேன். பையன் பொழுதுபோகாமல் வரைந்து வைத்திருக்கிறான், அப்பனைப் போலவே அளவு தெரியாமல் கட்டியிருக்கிறான் என்று நினைத்தேன். கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

சமையலறைக் கதவைத் திறந்தேன். அந்த ஆட்டத்தில் கதவுகள் இரும்பு. கடகடவென்று மேலே ஏறித் திறக்கும். திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. தானே இறங்கி மூடிக்கொண்டது.

மறுபடியும் கடகடவென்று ஒரு சத்தம்...

ஸ்பீக்கரிலிருந்து அல்ல. என் முதுகுக்குப் பின்னால், நடைவழியிலிருந்து.

திரும்பிப் பார்த்தேன். அறைக்கதவு திறந்திருந்தது. அது மரக்கதவு. அந்த வீட்டில் இருந்த எல்லாமே மரக்கதவுகள். மாடியில் காண்ட்ராக்டர் சிரிப்பது மெல்லக் கேட்டது. கீழே யாருமில்லை. சுவர்க் கடிகாரத்தில் நான்கு பத்து.

திரைக்குத் திரும்பினேன்.

கடைசி அறைக்கு வந்திருந்தேன். அவ்வளவு தூரம் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

உள்ளே மேசை. மேசைமேல் ஒரு பெட்டி, கணினியாக இருக்க வேண்டும். முன்னால் நாற்காலி. நாற்காலியில் ஓர் ஆள், முதுகைக் காட்டிக்கொண்டு. ஒரு வெள்ளைச் சதுரம், அதன்மேல் ஒரு சாம்பல் சதுரம். அவ்வளவுதான் உருவம். நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

அப்போது மேலே ஏதோ முறிந்தது.

டக்.

ஆட்டத்திலா, அறையிலா... சொல்லத் தெரியவில்லை.

திரையில் மேலே பார்க்க நினைத்து மவுஸைத் தள்ளினேன். சிப்பாய் மேலே பார்க்கவில்லை. ஓர் அடி முன்னால் நடந்தான்.

டக்... டக்.

மறுபடியும் தள்ளினேன். மறுபடியும் ஓர் அடி.

அந்த முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது.

கையை எடுத்துவிட்டேன்.

அவன் நிற்கவில்லை.

அடியில் இருந்த சின்ன முகம் இடப்பக்கம் பார்த்தது. வலப்பக்கம் பார்த்தது.

பிறகு... மேலே பார்த்தது.

கண்ணின் வெள்ளை மட்டும் தெரிந்தது.

என் கழுத்தில் மூச்சு பட்டது.

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கூடத்துக்கு வந்தபோது எல்லோரும் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சார், இப்படி வேர்த்திருக்கு?" என்றார் காண்ட்ராக்டர்.

"ஜன்னல் வெக்க வேண்டிய இடத்துல வெச்சிருந்தா வேர்க்காது" என்றேன். குரல் நடுங்கவில்லை. அதில் எனக்கு இன்றும் திருப்தி.

காரில் ஏறியதும் மருமகள் கேட்டாள். "தோள்ல என்ன மாமா, சுவத்துக் காரை மாதிரி இருக்கு?"

தட்டிப் பார்த்தேன். காரைத் தூள்தான். வலது தோளில், நான்கு விரல் அகலத்துக்கு. பலகை அடித்த அறையில் காரை எங்கிருந்து உதிரும்?

"இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்றேன்.

காரணம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பொம்மை விளையாட்டைப் பார்த்துக் கிழவன் பயந்துவிட்டான் என்று ஊர் பேசுவதைவிட, கல்நெஞ்சன் என்று பேசுவது குடும்பத்துக்குக் கௌரவம். மகன் வழக்கம்போல் தலையாட்டினான். பேத்தி தலையாட்டவில்லை. "ஒரு காரணம் சொல்லுங்க தாத்தா. ஒண்ணே ஒண்ணு. பொய்யாவாவது சொல்லுங்க" என்றாள். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அன்றிலிருந்து நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் சாப்பிட வருவாள்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பையன் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். பேத்தி உள்கதவுக்குப் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் என் நாற்காலியில் இருந்தேன். அவனை உட்காரச் சொல்லவில்லை.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தான் தாத்தா" என்றான்.

கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

"அந்த ரூம்லதான். அதே கேம் ஆடிக்கிட்டிருந்தான். கூரைப் பூச்சு மொத்தமா பேந்து மேல விழுந்துடுச்சு. விழறதுக்கு முன்னாடி விரிசல் விடற சத்தம் கேட்டிருக்கும். கேம்ல வர்ற சத்தம்னு நெனச்சிருப்பான். மேல பாக்கவே இல்ல."

"உங்கப்பா ஒரே பையன்னாரு."

"அவர் கட்டின கூரை அவர் புள்ள மேலயே விழுந்துச்சுன்னு தெரிஞ்சா யாரு வேலை குடுப்பாங்க? நான் ஒரே பையன் ஆயிட்டேன்."

பெற்ற பிள்ளையையே தொழிலுக்காக இல்லையென்று சொன்ன ஆள். அந்த ஆளின் கைபட்ட கூரையின் கீழ் என் பேத்தியை அனுப்ப இருந்தார்கள். காண்ட்ராக்டர் சாதியைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் குறைவு என்று புரிந்தது. பார்த்ததை அவனிடம் சொன்னேன். அவன் ஒருவனிடம்தான் சொன்னேன். வாசல், நடைவழி, நாற்காலி, மேலே பார்த்த முகம், எல்லாவற்றையும்.

"அந்த முகம் மேல பாக்கற மாதிரி கேம்ல படமே கிடையாது தாத்தா" என்றான் மெதுவாக. "அந்த வீடு அண்ணன் செஞ்சது. அந்த கேம்ல நாமளே இடம் கட்டலாம். வீட்ட மட்டும்தான் கட்டினான். ஆள் யாரையும் வெக்கல."

"நாற்காலில உக்காந்திருந்தானே. உங்கண்ணன்தானே அது?"

"எப்படி உக்காந்திருந்தான்?"

"நேரா. சாயாம. வெள்ளைச் சட்டை."

என்னையே பார்த்தான்.

"அண்ணன் கூன் போட்டுத்தான் உக்காருவான். அம்மா தெனம் திட்டுவாங்க. அன்னிக்கு அந்த ரூம்ல வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு நேரா உக்காந்திருந்தது நீங்கதான் தாத்தா."

"அப்போ..."

"வாசல்லேர்ந்து நடந்து வந்தது நீங்க இல்ல."

என் கை தானாக வலது தோளைத் தட்டிவிட்டுக்கொண்டது.

"அண்ணன் போனதுலேர்ந்து நான் தெனமும் கேம்ல அந்த வீட்டுக்குள்ள போவேன்" என்றான். "யாரும் இருக்க மாட்டாங்க. ஆனா எங்கயாவது ஒரு கதவு தானா ஏறி இறங்கும். அது போதும் எனக்கு. நீங்க வந்துட்டுப் போன நாள்லேர்ந்து ஒரு கதவும் அசையல."

பேசும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

பேச்சு போகும் வழி எனக்குப் பிடிக்கவில்லை. அதை நிறுத்துவதற்காக, என் வாயிலிருந்து வருமென்று நானே நினைக்காத ஒன்றைச் சொன்னேன். "அந்த வீட்டுல என் பேத்தி கால் வெக்க மாட்டா. வேற வீடு பாத்துக்க. பாத்துட்டு முறையா பொண்ணு கேட்டு வா. தர்றேன்."

உள்கதவுக்குப் பின்னால் பேத்தி மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது.

பையன் இல்லையென்று தலையை ஆட்டினான். இன்னும் என் தோளுக்கு மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொண்ணு கேட்டு வரல தாத்தா" என்றான். "அண்ணனைக் கேட்டு வந்தேன்."