பதினொரு பேருக்கு மேனேஜர்

மச்சான் என் முதுகில் குத்தினான் என்று இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொல்லிவருகிறேன். அதில் ஓர் எழுத்தைக்கூட இப்போதும் மாற்றிக்கொள்வதாக இல்லை. ஆனால் கதையைப் பாதியிலிருந்தே சொல்லிப் பழகிவிட்டேன். கேட்டவர்களும் பாவம், என் பக்கமே தலையாட்டிவிட்டுப் போனார்கள். முதல் பாதியையும் எழுதிவைக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரகடம் கூட்டுரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். நான் பந்தைக் காலால் தொட்டவன் இல்லை. பஞ்சரான ஃபுட்பால் பிளாடரைத் தூக்கிக்கொண்டு ஊர் டீம் என் கடைக்கு வரும். சைக்கிள் ட்யூப் மாதிரிதானே, சொல்யூஷன் தடவி ஒட்டிக்கொடுப்பேன். ஒட்டிய பிளாடர் தாங்குகிறதா என்று பார்க்க ஏரிக்குப் போனேன். கோடையில் ஏரி வற்றினால் அதுதான் எங்கள் கிரவுண்டு. மழை வந்தால் கோல் போஸ்ட்டைப் பிடுங்கி வைத்துவிடுவோம். போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. யாருக்கு இடது கால் ஆகாது, யார் கடைசிப் பத்து நிமிஷம் நடக்கிறான் என்றெல்லாம் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. அவர்களுக்குத் தெரியவில்லை. கத்தினேன். கேட்டார்கள். ஜெயித்தார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் நடக்கும் கோடைக் கோப்பைக்குப் பெயர் கொடுக்கும் பாரத்தில், கடைசியில் 'மேனேஜர்' என்று போட்டு ஒரு கோடு இருந்தது. ஆடுகிறவன் அதில் கையெழுத்துப் போடக் கூடாதாம். ஆடாதவன் நான் ஒருவன்தான். போட்டேன். அன்றிலிருந்து ஊரில் எனக்குப் பெயரே மேனேஜர் என்றாகிவிட்டது. ட்யூபுக்குக் காற்றடிக்க வருகிற கிழவர்கூட, "மேனேஜரே, பின் சக்கரம்" என்றுதான் சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் வடக்குப்பட்டில் எனக்குப் பெண் பார்த்தார்கள். தரகர் என்ன சொல்லிவைத்தாரோ தெரியாது. பெண்ணின் அப்பா ஒரகடத்துக்கு ஆள் அனுப்பி விசாரித்திருக்கிறார். "மேனேஜர் வூடு எது?" என்று கேட்டவனுக்கு நாலு பேர் கை காட்டியிருக்கிறார்கள். பொய் ஒன்றும் இல்லையே.

பெண் பார்க்கப் போனபோது அவர் கேட்டார். "உங்க கைக்குக் கீழ எத்தினி பேரு?"

"பதினோரு பேருங்க. ரிசர்வுல ரெண்டு பேரு கீறாங்க."

"எல்லாம் சொன்ன பேச்சு கேக்கறாங்களா?"

"ரெண்டு பேரு கேக்க மாட்டானுங்க. மாத்திடலாம்னு கீறேன்."

கண்டிப்பான ஆள் என்று அவருக்குப் பிடித்துப்போனது. மூன்றாவதாகவும் ஒன்று கேட்டார். அதற்குள் காபி வந்துவிட்டது.

கல்யாணமாகி ஒரு மாதத்தில், உறவுக்காரப் பையன் ஒருவனின் சர்ட்டிபிகேட்டுகளைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு மாமனார் கடைக்கே வந்தார். என் கம்பெனியில் சேர்த்துவிட வேண்டுமாம். நான் பிளாடரை வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கடையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டீ வாங்கிக்கொடுத்தேன், குடித்தார். பையைத் திறக்காமலே பஸ் ஏறிப் போய்விட்டார். சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீட்டுக்காரியும் கேட்கவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நான் என் டீமைப் பார்க்கப் போய்விட்டேன்.

முதல் டீமைப் பட்டணத்துக் கம்பெனிகள் தின்றன. அப்போதெல்லாம் நன்றாக ஆடினால் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள். ஒரே கோடையில் நாலு பேர் கம்பி நீட்டினார்கள். என் கடைச் சைக்கிள்களிலேயே ஸ்ரீபெரும்புதூர் போய், அவற்றை அங்கே டீக்கடை வாசலில் சாத்திவிட்டு பஸ் ஏறியிருக்கிறார்கள். சொல்லிக்கொண்டு போகக்கூட நான் லாயக்கில்லாமல் போனேன்.

ஆறு வருஷம் கத்தி இரண்டாவது டீமைக் கட்டினேன். கோடையில் தொடங்கிய ஆட்டங்கள் இழுத்துக்கொண்டே போய், அரையிறுதி ஆடிக் கிருத்திகை அன்று வந்து தொலைத்தது. என் ஆட்கள் ஆறு பேர் காவடி எடுத்துக்கொண்டு வல்லக்கோட்டைக்குப் போய்விட்டார்கள். முருகன் மேல் யாரிடம் போய் புரொட்டஸ்ட் கொடுப்பது? ஏழு கோல் வாங்கினோம். அதோடு அதுவும் கலைந்தது.

மூன்றாவது டீம்தான் உருப்படியான டீம். அதன் உயிர் என் வீட்டுக்காரியின் தம்பி. எங்கள் கல்யாணத்தில் தவழ்ந்துகொண்டிருந்தவன், பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்து, இருபது வயதில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லாத ஃபார்வர்டு ஆனான். கோப்பை ஒரே ஒரு தடவை எங்கள் ஊருக்கு வர வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது. அந்த வருஷம் பாரத்தில் ஒன்பதாவது பெயராக அவனை எழுதினேன். அவனும் கையெழுத்துப் போட்டான். மறுவாரமே முட்டி வலி என்றான். அக்கா வேப்பெண்ணெய் காய்ச்சி ஒரு மாதம் தடவினாள். அவன் இல்லாமலே தட்டுத்தடுமாறி ஃபைனலுக்கு வந்துவிட்டோம். எதிரில், வருஷா வருஷம் கோப்பையைத் தூக்கிப்போகிற அம்பத்தூர்ப் பக்கத்துக் கம்பெனி டீம்.

ஃபைனல் அன்று காலையில் அவனைத் தேடினேன். "முட்டி சரியாப்பூட்ச்சாம். முன்னாடியே பஸ்ல பூட்டான், நீங்க போங்க," என்றாள் வீட்டுக்காரி. கிரவுண்டில் விசில் அடிக்கிறவரை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தான். கம்பெனியின் மஞ்சள் பனியனில் வந்தான்.

எங்கள் கோல்கீப்பர் இடது பக்கம் லேட்டாக விழுவான். அது அவனுக்கும் எனக்கும் மச்சானுக்கும் மட்டுமே தெரியும். மச்சான் அங்கேயே அடித்தான். அந்த ஒரு கோலில் தோற்றோம். அடித்துவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. அழுதேன் என்று சொல்வதில் இப்போது வெட்கமில்லை.

என் கேப்டன்தான் தோளைப் பிடித்து உலுக்கினான். "மேனேஜரே! அவன் பேரு நம்ம பாரத்துல கீதே!" ஒரு டீமில் பெயர் கொடுத்தவன் இன்னொரு டீமில் ஆடக் கூடாது, ஆடினால் கோப்பை எங்களுக்கு. மறுநாள் காலை பத்து மணிக்குள் மேனேஜர் கையெழுத்தோடு புரொட்டஸ்ட் கொடுக்க வேண்டும். பாரத்தின் நகல் என் பெட்டியில் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்த குடுத்தா அவன் வேல பூடும். ஃபைனல்ல ஆடிக் காட்டுனாதான் வேலன்னு கம்பெனில சொன்னாங்க."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

நல்ல காலுக்கு ஒரு மாதம் எண்ணெய் தடவியிருக்கிறாள். என் சோற்றைத் தின்றுகொண்டே என்னை ஏமாற்றினீர்களே என்று கத்தினேன். பக்கத்து வீடெல்லாம் கேட்டிருக்கும். அவள் கத்தவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னை 'நீ' என்றாள்.

"பொண்ணு பாக்க வந்தப்போ எங்கப்பா மூணாவதா இன்னா கேட்டாரு? பென்சன் உண்டான்னு கேட்டாரு. நீ இன்னா சொன்ன? 'பாக்கலாங்க'ன்ன. ஃபுட்பாலுக்கு ஏதுய்யா பென்சன்? நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னுகினு இருந்தேன்."

முதல் இரண்டு கேள்விக்கும் விவரம் தெரியாமல்தான் பதில் சொன்னேன். மூன்றாவதில் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துதான் காபியை வாங்கிக் குடித்தேன்.

"பத்தொம்பது வருசமா நான் புரொட்டஸ்ட் குடுத்தனா?" என்றாள்.

மறுநாள் காலையில் டீம் முழுக்க கடை வாசலில் நின்றது. கேப்டன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்திருந்தான். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பேனாவில் மை இல்லை என்றேன். நாலு பேர் பேனா நீட்டினார்கள். நான் ஒரு ட்யூபை எடுத்து வாளித் தண்ணீரில் அமுக்கினேன். குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் பஞ்சரே இல்லை. பத்து மணி தாண்டியது.

"வூட்டுக்காரி தம்பின்னு எங்கள வித்துட்டியே மேனேஜரே," என்றான் கேப்டன். அதற்குப் பிறகு அவர்களில் ஒருவரும் என் கடையில் காற்றடிக்கவில்லை. நாலாவது டீம் கட்ட எனக்கும் தெம்பில்லை.

மச்சான் அந்தக் கம்பெனியிலேயே ரிடையர் ஆனான். மாதம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு வருவான். நான் அவனோடு பேசுவதில்லை. அவன் செய்தது துரோகம்தான், அதில் மாற்றமில்லை. போன தடவை அவன் வந்தபோது அவனுக்குக் கேட்கட்டும் என்று அந்த நகலை எடுத்து, ஒன்பதாவது பெயரைச் சத்தமாகப் படித்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அடுப்பங்கரையிலிருந்து வந்தாள்.

"கடைசி வரிய உட்டுட்டியே. அதையும் படி," என்றாள்.

கடைசியில் 'மேனேஜர்' என்ற கோட்டில் என் கையெழுத்து. மடித்து வைத்துவிட்டேன்.